உணவுப் பாதுகாப்பு, சட்டத் தாள் முதன்முறை எடுக்கிறீர்களா? பருவம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

உணவு அறிவியல், உணவுத் தொழில்நுட்பம், மனையியல் துறைகளில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்குப் பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு, சட்டத் தாள்தான் வந்து சேரும். உணவு வேதியியல், பதப்படுத்தல் போன்ற தாள்களை மூத்தவர்கள் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், சட்டத் தாள் மிஞ்சும். பழைய குறிப்பேடு ஒன்றும் கூடவே வரும். அந்தக் குறிப்பேட்டை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனால் முதல் மாதத்திலேயே சிக்கல் வரும். நாளை உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு எழுதப் போகிற மாணவரும், தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேரப் போகிற மாணவரும் நீங்கள் சொல்வதை நம்பித்தான் போகிறார்கள். காலாவதியான பிரிவையும் தண்டனையையும் கற்றுக்கொடுத்தால் அவர்கள் அங்கே தலைகுனிய வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் 30 பேர் கொண்ட வகுப்பு, 15 வாரப் பருவம், வாரம் ஒரு 3 மணி நேரச் செய்முறை என்ற கணக்கை வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பாடத்திட்டத்தில் உள்ள ஆண்டுகளைச் சரிபாருங்கள்
(நேரம்: ஒரு நாள். செலவு: இல்லை)

பாடத்திட்டத்தை அச்செடுத்து, அதில் வரும் ஒவ்வொரு சட்டம், விதி, தரநிலையின் பக்கத்திலும் ஆண்டைக் குறியுங்கள். பழைய குறிப்புகளில் வழக்கமாகத் தவறியிருக்கும் இடங்கள் இவை:

கலப்படத் தடுப்புச் சட்டம், 1954 இப்போது நடைமுறையில் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு அலகு முழுவதும் 1954 சட்டத்துக்கே ஒதுக்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு நகருங்கள்.

பொதியிடல், லேபிள் இரண்டுக்கும் சேர்த்து இருந்த 2011 ஒழுங்குமுறை பிரிந்துவிட்டது. பொதியிடலுக்கு 2018 ஒழுங்குமுறையையும், லேபிளுக்கு 2020 ஒழுங்குமுறையையும் பார்க்க வேண்டும்.

அசைவக் குறி பழுப்பு வட்டம் அல்ல. 2020 லேபிள் ஒழுங்குமுறைப்படி அது சதுரத்துக்குள் நிரப்பிய பழுப்பு முக்கோணம். சைவக் குறி பச்சை வட்டமாகவே தொடர்கிறது. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதால் வடிவம் மாறியது என்று சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

2006 சட்டத்தின் பிரிவு 59-இன் முதல் உட்பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் யாருக்கும் தீங்கு நேராத நிலையைப் பற்றியது. பழைய நூல்களில் 6 மாதச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று இருக்கும். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. அதே சட்டம் பிரிவுகள் 61, 63 ஆகியவற்றையும் திருத்தியிருக்கிறது. எனவே இந்த மூன்றையும் திருத்தப்பட்ட பாடத்திலிருந்து மட்டுமே எடுங்கள்.

டிரான்ஸ் கொழுப்பு வரம்பு 5 விழுக்காடு என்றோ 3 விழுக்காடு என்றோ எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் அது 2 விழுக்காடு.

பன்னாட்டு உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் உணவுச் சுகாதாரப் பொதுக் கோட்பாடுகள் 2020-இல் பெரிதாகத் திருத்தப்பட்டன. ஹசாப் (HACCP, உணவு தயாரிப்பில் தீங்கு நேரக்கூடிய இடங்களை முன்பே கண்டு கட்டுப்படுத்தும் முறை) பாடத்தில் எந்தப் படி முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று தீர்மானிக்க வரும் முடிவு மரம் 2022-இல் புதிய வடிவில் ஏற்கப்பட்டது. பெரும்பாலான பாடநூல்களில் இருப்பது பழைய மரம்.

பாடத்திட்டமே பழையதாக இருந்தால் என்ன செய்வது? வகுப்பில் நடப்புச் சட்டத்தை நடத்துங்கள். பழையதைத் தேர்வுக்காக ஒரு பக்கக் குறிப்பாக மட்டும் கொடுத்து, எது பழையது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். கூடவே, மாற்ற வேண்டிய வரிகளைப் பட்டியலிட்டுப் பாடத்திட்டக் குழுத் தலைவருக்குத் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் அனுப்புங்கள். குழு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கூடும். கூட்டத்துக்கு முன் கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த ஆண்டும் அதே பாடத்திட்டம்தான்.

2. மூல ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்
(நேரம்: இரண்டு நாள். செலவு: அச்சுக் கூலி மட்டும்)

முதலில் வேண்டியது சட்டத்தின் முழுப் பாடம். அடுத்து 2011 விதிகள். பிறகு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் தன் தளத்தில் வைத்திருக்கும் ஒழுங்குமுறைத் தொகுப்புகள். இவை திருத்தங்களைச் சேர்த்து, பதிப்பு எண்ணோடு வருகின்றன. கோப்பின் பெயரிலேயே பதிவிறக்கிய தேதியை எழுதிவையுங்கள். பருவம் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிமம், பதிவு ஆகியவற்றின் கட்டணமும் விற்றுமுதல் வரம்பும் அடிக்கடி பேசப்படுபவை, மாறக்கூடியவை. அவற்றை மனப்பாடமாகச் சொல்லாமல், வகுப்பிலேயே இணையதளத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஆணையத்தின் பகுப்பாய்வு முறைக் கையேடுகள் பால், எண்ணெய், தானியம், மசாலா, நுண்ணுயிரியல் என்று தனித்தனியாக, இலவசமாகக் கிடைக்கும். கோடெக்ஸ் ஆவணங்களும் இலவசம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகளையும் அதன் தளத்தில் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. தரநிலைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். நூலகத்தில் கேட்கும் முன், அதே முறை இந்தியத் தரநிலையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வேளைகளில் வந்திருக்கும்.

சட்டம், விதி, ஒழுங்குமுறை மூன்றும் ஒன்றல்ல என்பதை முதல் வாரத்திலேயே நிலைநாட்டிவிடுங்கள். சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுகிறது. விதிகளை ஒன்றிய அரசு பிரிவு 91-இன்படி வகுக்கிறது. ஒழுங்குமுறைகளை ஆணையம் பிரிவு 92-இன்படி, அரசின் முன் ஒப்புதலோடு வகுக்கிறது. இதில் குழம்பிய மாணவர் பருவம் முழுக்க எல்லாவற்றையும் 'ஆக்ட்' என்றே எழுதிக்கொண்டிருப்பார்.

3. கால அட்டவணை: 15 வாரத்தை 13 என்று எண்ணுங்கள்

ஒற்றைப்படைப் பருவத்தில் ஆயுத பூஜையும் தீபாவளியும், இரட்டைப்படைப் பருவத்தில் பொங்கலும் வரும். அகமதிப்பீட்டுத் தேர்வுகள் வேறு. இரண்டு வாரம் எப்படியும் கரையும். வாரம் 4 மணி நேரம் என்றால் 52 மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

என் பரிந்துரை: சட்டத்துக்கு 14 மணி, லேபிள், விளம்பரக் கூற்றுகளுக்கு 8, சேர்மானங்கள், மாசுகள், எச்சங்களுக்கு 10, நுண்ணுயிர் வரையறைக்கும் மாதிரி எடுக்கும் திட்டத்துக்கும் 6, ஹசாப்புக்கு 10. மீதி 4 மணி நேரத்தில் கோடெக்ஸ், ஏற்றுமதி, இறக்குமதி. பலர் பன்னாட்டு அமைப்புகளின் வரலாற்றில் மூன்று வாரம் போக்கிவிட்டு ஹசாப்பை இரண்டு நாளில் ஓட்டுகிறார்கள். வேலைக்குப் போகும் மாணவருக்கு உதவுவது ஹசாப்தான்.

பணிச்சுமையையும் இந்த நேரத்திலேயே சரிபாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம். செய்முறை மணிகள் உங்கள் ஆணையில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

4. சட்டத்தைப் பிரிவு 1-இலிருந்து தொடங்காதீர்கள்

101 பிரிவுகளையும் வரிசையாக வாசித்தால் மூன்றாம் வகுப்பிலேயே அறை தூங்கிவிடும். ஒரு மாதிரி எடுக்கப்படுவதிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு நிகழ்வைப் பின்தொடர்ந்தால் தேவையான பிரிவுகள் தாமாகவே வரும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடையில் மஞ்சள்தூள் வாங்குகிறார் (பிரிவு 38). விலை கொடுக்கிறார். படிவம் 5-ஏ-யில் கடைக்காரருக்கு அறிவிப்பு தருகிறார். மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிடுகிறார் (பிரிவு 47). ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரிடம் (அந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு நிர்வாகப் பொறுப்பாளர்) பாதுகாப்பில் இருக்கும். நான்காவது பகுதி, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அவர் செலவில் போகும், கேட்காவிட்டால் அதுவும் நியமன அலுவலரிடமே சேரும். இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் நியமன அலுவலர் மேல்முறையீட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். அந்த முடிவே இறுதி.

பகுப்பாய்வாளர் மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் (பிரிவு 46). அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். வழக்குத் தொடர ஒரு ஆண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணத்தை எழுதி ஒப்புதல் தந்தால் மூன்று ஆண்டு வரை (பிரிவு 77). இந்த எண்களைக் கரும்பலகையில் ஒரு நேர்கோடாக வரைந்து காட்டுங்கள்.

இதையே வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோ மஞ்சள்தூள், நான்கு சுத்தமான புட்டிகள், தடித்த தாள், நூல், அரக்கு இருந்தால் போதும். மாணவர் செய்யும் வழக்கமான தவறு, பொடியைக் கலக்காமல் மேலிருந்து நான்கு புட்டியில் கொட்டுவது. நான்கு பகுதியும் ஒரேமாதிரி இல்லாவிட்டால் பின்னால் வரும் அறிக்கைகளை ஒப்பிடவே முடியாது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

பால் மாதிரியில் பதப்படுத்தியாக 40 விழுக்காடு ஃபார்மலின் சேர்ப்பார்கள், 25 மி.லி.க்கு 0.1 மி.லி., அதாவது இரண்டு சொட்டு. 'ஃபார்மலின் கலப்படப் பொருள்தானே, அதிகாரியே சேர்க்கலாமா?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சேர்த்தது என்ன, எவ்வளவு என்று மாதிரிச் சீட்டில் எழுதப்படுவதையும், அது யாரும் குடிக்கப்போகும் பால் அல்ல என்பதையும் விளக்குங்கள்.

அறிக்கை வந்த பிறகு மூன்று சொற்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தரம் குறைந்த உணவு என்பது வரையறுத்த தரத்தை எட்டாதது, ஆனால் உடலுக்குத் தீங்கில்லாதது. பிரிவு 51-இன்படி 5 லட்சம் வரை அபராதம். தப்புக்குறியீடு என்பது லேபிளில் பொய் அல்லது விடுபாடு. பிரிவு 52-இன்படி 3 லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவு பிரிவு 59-இல் வரும், அங்கேதான் சிறை. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை நீளலாம், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. கொழுப்பு 3.0 விழுக்காடு இருக்க வேண்டிய சமன்படுத்திய பாலில் 2.6 இருந்தால் எது, சோப்புத்தூள் இருந்தால் எது, பாக்கெட்டில் தேதி இல்லாவிட்டால் எது என்று கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் சரியாக விடை சொல்லும் வகுப்புக்குப் பாதிச் சட்டம் புரிந்துவிட்டது.

வழக்கு ஒன்று வேண்டுமென்றால் 2015 மேகி நூடுல்ஸ் வழக்கை எடுங்கள். ஈய அளவைப் பற்றி மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம்: நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது, சோதித்த ஆய்வகங்கள் பிரிவு 43 கேட்கும் அங்கீகாரத்தோடு இல்லாதது. ஆய்வகத்தின் தகுதி ஏன் முக்கியம் என்று விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

5. லேபிள் பயிற்சி
(செலவு: 400 ரூபாய்க்குள். நேரம்: 2 வகுப்பு)

ஐந்து, பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் போதும். முறுக்கு, பிஸ்கட், கடலை மிட்டாய், பழச்சுவை பானம், பாக்கெட் இட்லி மாவு என்று ஐந்து வகை, குழுவுக்கு ஒன்று ஒன்று. வீட்டிலிருந்து உறை கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கணக்காக அலமாரியில் கிடந்த உறை வரும், அதில் பழைய விதிப்படி அச்சடித்திருக்கும்.

சரிபார்க்க வேண்டியவை: உணவின் பெயர், எடை வரிசையில் இறங்குமுகமான சேர்மானப் பட்டியல், சைவ அசைவக் குறி, 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, ஒவ்வாமை அறிவிப்பு, ஊட்டச்சத்து அட்டவணை. ஒவ்வாமைப் பட்டியலில் பசையம் உள்ள தானியம், ஓடுடைய கடலுயிர், பால், முட்டை, மீன், நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா ஆகியவற்றோடு கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் உள்ள சல்ஃபைட்டும் வரும். சல்ஃபைட்டைத்தான் மாணவர் விட்டுவிடுவார்கள்.

ஊட்டச்சத்து அட்டவணையைக் கணக்காகவே போடச் சொல்லுங்கள். மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு 9. கூட்டி வரும் ஆற்றல் அச்சடித்த எண்ணுக்கு அருகே இருக்கிறதா? அடுத்து ஒரு பரிமாறல் அளவுக்கான விழுக்காடு. அடிப்படை எண்கள் 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22, டிரான்ஸ் 2, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மி.கி. ஒரு பரிமாறலில் 300 மி.கி. சோடியம் இருந்தால் 15 விழுக்காடு. 100 கிராமுக்கான எண்ணை எடுத்து வகுப்பதுதான் இங்கே நிகழும் தவறு. விடைத்தாளில் பாதிப் பேர் இதில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

அதிகபட்சச் சில்லறை விலையும் ஓர் அலகுக்கான விலையும் உணவுச் சட்டத்தின் கீழ் வருவன அல்ல. அவை சட்டமுறை எடையளவுப் பொதிப்பொருள் விதிகள், 2011-இன் கீழ் வருகின்றன, பார்ப்பதும் வேறு துறை. ஒரே லேபிளில் இரண்டு சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

6. செய்முறைகள்: முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு பொருளைப் பாருங்கள்

பொருள் கோரிக்கையைப் பருவம் தொடங்க ஆறு வாரம் முன்பே கொடுங்கள். மூன்று விலைப்புள்ளி, துறைத்தலைவர் கையொப்பம், கொள்முதல் பிரிவு என்று போய் வருவதற்குள் நான்கு வாரம் ஓடிவிடும். 30 பேரை 6 குழுவாகப் பிரியுங்கள். கீழே உள்ள அளவுகள் அந்தக் கணக்கில்தான்.

அயோடின் உப்பு (3 மணி நேரத்தில் முடியும், முதல் செய்முறைக்கு ஏற்றது)

10 கிராம் உப்பை 50 மி.லி. நீரில் கரைத்து, 1 மி.லி. 2 நார்மல் கந்தக அமிலம், 5 மி.லி. 10 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, மூடி, 10 நிமிடம் இருட்டில் வையுங்கள். 0.005 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டால் தரம் பாருங்கள், அதாவது பியூரெட்டிலிருந்து நிறம் மறையும் வரை சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். செலவான மி.லி.யை 10.58-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை மி.கி. அயோடின் என்று வரும். தயாரிப்பாளரிடம் குறைந்தது 30, விற்பனை முனையில் குறைந்தது 15 இருக்க வேண்டும்.

அந்த வரம்புகள் பியூரெட்டில் 2.84, 1.42 மி.லி. மட்டுமே. 50 மி.லி. பியூரெட்டில் இதைப் படித்தால் பிழை பெரிதாகும், 10 மி.லி. பியூரெட் வாங்குங்கள். தயோசல்ஃபேட் 0.1 நார்மலாக (லிட்டருக்கு 24.8 கிராம்) தயாரித்துத் திறன் பார்த்துவிட்டு, அன்று காலையில் 50 மி.லி.யை ஒரு லிட்டராக நீர்த்துக்கொள்ளுங்கள். நீர்த்த கரைசல் நாள்பட நிற்காது. ஸ்டார்ச்சை வெளிர்மஞ்சள் வந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் அயோடின் ஸ்டார்ச்சோடு இறுகி, நீலம் போகாமல் அடம்பிடிக்கும். குடுவையை வெளிச்சத்தில் வைத்தால் அயோடைடு காற்றில் ஆக்சிஜனேற்றமாகி முடிவு கூடுதலாக வரும். ஜன்னலோர மேசைக் குழுவுக்கு மட்டும் எண் கூடினால் காரணம் இதுதான்.

இந்தச் செய்முறையில் விலை கூடியது பொட்டாசியம் அயோடைடு. குழுவுக்கு மூன்று மாதிரி, ஒரு வெற்றுச்சோதனை என்றால் 24 குடுவை, 120 மி.லி. கரைசல், 12 கிராம் பொட்டாசியம் அயோடைடு. 25 கிராம் புட்டி இரண்டு பருவத்துக்கு வரும். 500 கிராம் புட்டி கேட்டால் கொள்முதலில் திருப்பிவிடுவார்கள்.

செயற்கை நிறம்

அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு: பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின், டார்ட்ராசின், சன்செட் எல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். இவை அமிலச் சாயங்கள். உணவுக் கரைசலை அசிட்டிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளைக் கம்பளி நூலோடு கொதிக்கவைத்தால் நூலில் ஏறும். நூலைக் கழுவி நீர்த்த அம்மோனியாவில் சூடாக்கினால் கழன்றுவிடும்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வரக் காரணமான ரோடமின்-பி காரச் சாயம். அதற்கு எதிர்வழி: அம்மோனியாவால் காரமாக்கி நூலில் ஏற்றி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழற்ற வேண்டும். அமில வழியை மட்டும் செய்துவிட்டு 'சாயம் இல்லை' என்று மாணவர் எழுதுவது இங்கே காத்திருக்கும் பொறி. இரண்டு வழியையும் செய்யவைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ரோடமின் மாதிரியை ஆய்வகத்தில் நீங்களே சர்க்கரைக் கரைசலில் கலந்து தயாரியுங்கள், கையுறை கட்டாயம்.

கம்பளி நூலை முன்பே மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்து, காரம் போகக் கழுவி வைத்திருக்க வேண்டும். அக்ரிலிக் நூலைக் கம்பளி என்று கடையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள், முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. தாள் வண்ணப்பிரிகைக்குப் பியூட்டனால் கலவை நன்றாகப் பிரிக்கும், ஆனால் 3 மணி நேரத்தில் ஏறி முடியாது. 2 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 5 மி.லி. அம்மோனியா, 95 மி.லி. நீர் என்ற கரைப்பான் வகுப்பு நேரத்துக்குள் ஓடிவிடும்.

மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை

இதில் தோல்வி பெரும்பாலும் கால அட்டவணையால்தான். மாதிரியோடு அகார் (நுண்ணுயிர் வளரும் ஊடகம்) ஊற்றிய தட்டுகளை 30 டிகிரியில் 72 மணி நேரம் வைக்க வேண்டும். திங்களன்று ஊற்றினால் வியாழனன்று எண்ணலாம். வியாழனன்று ஊற்றினால் ஞாயிறு, யார் வந்து எண்ணுவது? செய்முறை நாள் வாரக் கடைசியில் விழுந்தால் அட்டவணைக் குழுவிடம் இப்போதே மாற்றிக் கேளுங்கள். இன்குபேட்டர் ஒன்றுதான், அதுவும் நுண்ணுயிரியல் துறைக்காக 37 டிகிரியில் ஓடுகிறது என்றால் அதையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு மூன்று நீர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு என 42 தட்டு. தட்டுக்கு 15 முதல் 20 மி.லி. என்றால் ஒரு லிட்டர் பிளேட் கவுண்ட் அகார், அதாவது 23.5 கிராம் பொடி. 500 கிராம் புட்டியில் 21 லிட்டர் வரும். அகாரை 45 டிகிரி அருகே ஊற்ற வேண்டும். கூடுதல் சூடு உயிரிகளைக் கொல்லும், ஆறினால் கட்டி தட்டும். 9 மி.லி. நீர்ப்புக் குழாய்களில் ஆட்டோகிளேவில் அளவு குறைந்துவிடுவதைக் கவனியுங்கள். 8.6 மி.லி. ஆகிவிட்ட குழாயில் பத்துமடங்கு நீர்ப்பு கிடைக்காது.

சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளை இளநிலை வகுப்பில் வளர்க்காதீர்கள். முழு முறைக்கு ஐந்து நாள் ஆகும், தகுந்த உயிரிப் பாதுகாப்பு வசதியும் வேண்டும். முறையைப் பாய்வுப் படமாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு ஒரு நாள் கூட்டிச்செல்வது மேல். சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டையில் ஆய்வகங்கள் இருக்கின்றன.

எண்ணி முடித்த கையோடு மாதிரி எடுக்கும் திட்டத்தை நடத்துங்கள். ஐந்து மாதிரியில் இரண்டில் வரை எண்ணிக்கை 10-க்கு மேல் போகலாம், ஒன்றுகூட 100-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் 5, 8, 40, 60, 9 என்றால் தேறும். 5, 8, 9, 7, 120 என்றால் தேறாது. சராசரி எடுத்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

7. கடைப் பொருளின் முடிவு வகுப்பைத் தாண்டக் கூடாது

மாதிரிகளின் உறையை நீக்கி, அ, ஆ, இ என்று குறியிட்ட புட்டிகளில் மாற்றிய பிறகே மாணவரிடம் கொடுங்கள். பதிவேட்டில் நிறுவனப் பெயர் வேண்டாம். உங்கள் ஆய்வகம் அறிவிக்கப்பட்ட ஆய்வகம் அல்ல. 19 வயது மாணவர் முதல்முறை தரம் பார்த்துக் கண்ட எண்ணை 'இந்த உப்பில் அயோடினே இல்லை' என்று வாட்ஸப்பில் போட்டால் வக்கீல் அறிவிப்பு கல்லூரி முகவரிக்கு வரும். உண்மையிலேயே சந்தேகம் எழுந்தால் அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிரிவு 40-இன்படி, வாங்கியவர் யாராக இருந்தாலும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே விற்பவருக்கு அதைத் தெரிவித்திருக்க வேண்டும். இந்தப் பிரிவையே பாடமாக்குங்கள்.

8. ஹசாப்: விடுதிச் சமையலறையை எடுங்கள்

பால் பதப்படுத்தும் ஆலையின் ஹசாப் திட்டத்தை மாணவர்கள் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுப்பார்கள், அதை ஏற்காதீர்கள். விடுதிச் சமையலறையில் ஒரு பண்டத்தைத் தேர்ந்து, 12 படிகளையும் செய்யவையுங்கள். காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி, மாணவர் பட்டியல், தலைவலை, மேலங்கி வேண்டும். அனுமதிக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லியும் தேங்காய்ச் சட்னியும் நல்ல இணை. புளித்த மாவின் அமிலத்தன்மையும் ஆவியில் வேகும் சூடும் இட்லியைக் காக்கின்றன. சட்னிக்கு இரண்டுமே இல்லை. அரைத்து, நீர் சேர்த்து, அறை வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்திருப்பார்கள். முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி (தீங்கைத் தடுக்கக் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய படி) எங்கே என்று மாணவரே கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலான குழுக்கள் முதல் வரைவில் கை கழுவுதலையும் பாத்திரம் கழுவுதலையும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எழுதி, பத்துப் புள்ளிகள் காட்டும். அவை உரிமம், பதிவு ஒழுங்குமுறையின் அட்டவணை 4 கேட்கும் அடிப்படைச் சுகாதாரம் என்று அடித்துக் கொடுங்கள். இரண்டு, மூன்று புள்ளிகள் மிஞ்சினால் திட்டம் சரியான பாதையில் இருக்கிறது.

வெப்பமானியை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்ததில் 0, கொதிநீரில் 100. உதகையில் உங்கள் கல்லூரி என்றால் கொதிநீர் 92, 93 தான் காட்டும், வெப்பமானியைக் குறை சொல்லாதீர்கள்.

9. ஆலைப் பார்வை

ஆறு வாரம் முன்பு கடிதம். முதல்வர் கையொப்பம், மாணவர் பெயர்ப் பட்டியல், பெற்றோர் ஒப்புதல், பேருந்து ஏற்பாடு. 30 பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், 15 பேராகப் பிரித்து இரண்டு நேரம் கேளுங்கள். நகை, கடிகாரம், பூ கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வாயிலில் வைத்து மாணவிகளிடம் பூவைக் கழற்றச் சொல்வது அவர்களுக்குச் சங்கடம். பண்டிகைக்கு முந்திய மாதத்தில் இனிப்பு, பால் ஆலைகள் அனுமதி தருவது அரிது.

10. வினாத்தாளும் விடைக்குறிப்பும்

'உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை விவரி' என்ற வினாவைக் கைவிடுங்கள். ஒரு லேபிளின் படமும் ஆய்வக அறிக்கையின் ஐந்து வரியும் கொடுத்து, எந்தப் பிரிவு, அடுத்த நடவடிக்கை யாருடையது, எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். சட்டப் பிரிவுப் பட்டியலைத் தாளோடு இணைத்தே கொடுக்கலாம்.

பல்கலைக்கழகத் தேர்வில் திருத்துபவர் வேறு கல்லூரிக்காரர். அவர் கையில் பழைய நூல் இருக்கலாம். பழுப்பு முக்கோணம் என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறையாமல் இருக்க, விடையில் 'லேபிள் ஒழுங்குமுறை, 2020-இன்படி' என்று ஆண்டோடு எழுதப் பழக்குங்கள். தண்டனைப் பிரிவுக்கு '2023 திருத்தத்துக்குப் பின்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். வினாத்தாள் தயாரிப்பு உங்களிடமே வந்தால் விடைக்குறிப்பில் அரசிதழ் அறிவிக்கையின் தேதியையும் இணைத்து அனுப்புங்கள். மையத் திருத்தத்தில் அந்த ஒரு வரி பல மாணவர்களின் மதிப்பெண்ணைக் காக்கும்.